மொய் நோட்டு வச்சு இங்கிலீஷ்ல சும்மா பேசக் கத்துக்குடுக்கலாம்

எங்க சாயங்கால வகுப்புக்கு ஒரு டாக்ஸி டிரைவர் அண்ணன் வர்றாரு. கொடைக்கானல் ஏரிய 1863ல லெவிஞ்ஜ் துரை உண்டாக்குனாரு, பில்லர் ராக்ஸ் பாறை 400 அடி, சில்வர் காஸ்கேட் அருவி 180 அடி, குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருக்கா, இதெல்லாம் இங்கிலீஷ்ல தண்ணி பட்ட பாடு அவருக்கு. அப்படிப்பட்டவரோட வண்டில ஏறுன ஒரு ஆளு "பிஸி டுடே?"ன்னு கேட்டிருக்காரு, இவரு "யெஸ்"னு சொல்லிருக்காரு, அதோட முடிஞ்சுது, ஏரியில இருந்து பில்லர் ராக்ஸ் வரைக்கும் இன்ஜின் சத்தம் மட்டும்தான். "எதுக்குக் கேட்டாருன்னே வெளங்கல டீச்சர், வாடகையக் கொறைக்கச் சொல்லப் போறாரோன்னு பயந்துட்டேன்"னாரு.

இவருக்கு கிராமர் குடுத்து பிரயோஜனம் இல்லன்னு அன்னிக்கு எனக்கு உறைச்சுது. இங்க மலைல வேல பாக்குற பாதிப்பேர் கதை இதுதான், ஹோம்ஸ்டேல சமைக்கிற அக்கா, சாக்லேட் கடைல நிக்கிற பொண்ணு, ஏரிகிட்ட சைக்கிள் வாடகைக்கு விடுற தம்பி, எல்லாருக்கும் வேலைக்கு வேண்டிய இங்கிலீஷ் இருக்கு, வெல சொல்வாங்க வழி சொல்வாங்க, சும்மா ரெண்டு வார்த்த பேசுன்னா மட்டும் வாயடைச்சுப் போயிரும். ஏன்னா யாராச்சும் இங்கிலீஷ்ல கேள்வி கேட்டாலே ஸ்கூல்ல மிஸ் எழுப்பி நிக்க வச்சுக் கேக்குற மாதிரி ஆயிருது, சரியான பதிலச் சொல்லிட்டு உக்காந்துட்டா தப்பிச்சோம்னு நெனப்பு. அந்த நெனப்ப ஒடைக்கிறதுதான் நம்ம வேல. நான் எப்படிப் பண்றேன்னு எழுதுறேன், வகுப்பு நடத்துறவங்களுக்கு ஒதவுனா எடுத்துக்குங்க.

முதல் நாள் இங்கிலீஷே வேணாம். நெசமாத்தான் சொல்றேன். போர்டுல ஒரு கோடு போட்டு, "இன்னிக்கு காலைல இருந்து வழில பாத்தவங்க உங்ககிட்ட என்னென்ன கேட்டாங்க"ன்னு தமிழ்லயே கேளுங்க. கொட்டும். "சாப்டாச்சா", "என்னண்ணே இந்தப் பக்கம்", "எங்க கெளம்பிட்டீங்க", "கடைக்கா?" (கைல பையோட கடை வாசல்லயே நிக்கிறப்ப கேப்பாங்க), "மழ வரும் போலயே". எல்லாத்தையும் எழுதிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "சாப்டாச்சான்னு கேட்டா, நாலு இட்லி, தேங்கா சட்னி, ஒரு இட்லி மிச்சம்னா பதில் சொல்வீங்க?" சிரிப்பாங்க. "எங்க கெளம்பிட்டீங்கன்னு கேட்டவங்களுக்கு நெசமாவே அட்ரஸ் வேணுமா?" வேணாம், "இந்தா, இங்கதான்"னு சொன்னாப் போதும், அவங்களும் "சரி சரி"ன்னு போயிருவாங்க. கேள்வி மாதிரி இருக்கும், ஆனா கேள்வி கெடையாது. உன்னப் பாத்துட்டேன், நமக்குள்ள ஒண்ணும் மனத்தாங்கல் இல்ல, அவ்வளவுதான் சேதி.

மாலினோவ்ஸ்கின்னு ஒரு மானிடவியல்காரர், போலந்துல பொறந்தவரு, பாப்புவா நியூ கினில இருக்க டிரோப்ரியண்ட் தீவுகள்ல போய் வருஷக்கணக்குல தங்கி ஆராய்ச்சி பண்ணவரு, அவருதான் இந்த மாதிரிப் பேச்சுக்கு 1923ல ஃபேட்டிக் கம்யூனியன்னு பேர் வச்சாரு. சேதி சொல்றதுக்காக இல்லாம ஒறவு ஒட்டிக்கிறதுக்காகவே பேசுற பேச்சுன்னு அர்த்தம். பேர வகுப்புல சொல்லணும்னு இல்ல, ஆனா நான் சொல்வேன், நம்ம சாப்டாச்சாவுக்கு இவ்வளவு பெரிய பேரான்னு அவங்களுக்கு ஒரு சந்தோஷம்.

அதுக்கப்புறம்தான் "ஹவ் ஆர் யூ". அத போர்டுல சாப்டாச்சாவுக்கு நேர் எதுத்தாப்ல எழுதுங்க. டாக்டர் கேக்குற ஹவ் ஆர் யூ வேற, வழில கேக்குற ஹவ் ஆர் யூ வேற. முட்டி வலி, பிரஷர் மாத்திர எல்லாம் இதுக்குப் பதில் இல்ல. இங்கிலாந்துக்காரங்க இன்னும் சுருக்கி "யூ ஆல்ரைட்?"னு கேப்பாங்க. இதுல நானே மாட்டிருக்கேன், ரொம்ப வருஷம் முன்னாடி கோக்கர்ஸ் வாக் நடைபாதைல தெனம் பாக்குற ஒரு வெள்ளக்கார அம்மா காலைல என்னப் பாத்து "யூ ஆல்ரைட்?"னு கேட்டாங்க, எனக்குப் பக்குனு ஆயிருச்சு, மூஞ்சி வாடிருக்கோ, தல கலைஞ்சிருக்கோன்னு "ஐ ஆம் ஃபைன், வொய், வாட் ஹாப்பன்ட்?"னு கேட்டு அவங்களையும் பயமுறுத்திட்டேன். அதுக்கு "யெஸ் தேங்க்ஸ், யூ?"ன்னு சொல்லிட்டு நடந்துருக்கணும். இங்கிலீஷ் டீச்சர் பட்ட பாடு இதுன்னு வகுப்புல சொல்லிருங்க, நம்ம தப்பச் சொன்னாத்தான் அவங்க வாயத் தொறப்பாங்க.

இப்ப மொய்க்கு வர்றேன், மொத்த வகுப்பும் இதுமேலதான் நிக்கிது. எங்க திண்டுக்கல் மதுரைப் பக்கம் விசேஷ வீட்டு மொய் எப்படின்னு எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரு வச்சா நோட்டுல ஏறும், நம்ம திருப்பி வைக்கணும், வச்சத விட கொஞ்சமாச்சும் கூட வைக்கணும், வெறும் நூறா வைக்காம நூத்தியொண்ணா வைக்கணும். சும்மா பேச்சும் அதேதான். எதுத்தாப்ல இருக்கவரு "பிஸி டுடே?"ன்னு மொய் வச்சிட்டாரு. "யெஸ்"ன்னா வாங்கிப் பையில போட்டுக்கிட்டு கை கழுவுனதுக்குச் சமம். பதில் சொல்லணும், கூட ஒரு ரூபா சேக்கணும், அப்புறம் அவருக்கே திருப்பணும்.

"நாட் பேட். சாட்டர்டே வாஸ் கிரேஸி, டூ அவர்ஸ் ஜஸ்ட் டு கிராஸ் தி டவுன். ஹவ் வாஸ் யுவர் டிரைவ் அப்?"

நாட் பேட், அது பதில். சனிக்கிழம டிராபிக், அது ஒரு ரூபா. ஏறி வந்த வழி எப்படி இருந்துச்சு, அது திருப்பி வச்சது. இந்த மூணும் வந்துட்டா அந்த ஆளு பில்லர் ராக்ஸ் வரைக்கும் அவரே பேசிக்கிட்டு வருவாரு.

வகுப்புல நான் நெசமாவே மொய் நோட்டு வச்சிருக்கேன். கடைல விக்கிற நீட்டு நோட்டு, மேல மஞ்சளும் தடவியாச்சு (அது அந்த சமையல்கார அக்கா பண்ண வேல). ரெண்டு பேரு பேசணும், மூணாவது ஆளு நோட்டுல எழுதணும். ஒத்த வார்த்த பதிலுக்கு சைபர். முழுப் பதிலுக்கு 50. ஒரு சேதி சேத்தா 51. திருப்பிக் கேட்டா 101. ரெண்டு நிமிஷத்துல யாரு எவ்வளவு வச்சான்னு சத்தமா வாசிக்கணும். போன மாசம் சைக்கிள் கடைத் தம்பிக்கு சைபர் சைபர்னே வந்துச்சு, பக்கத்துல இருந்த அக்கா "ஏண்டா, பந்தில மட்டும் மொத ஆளா உக்காந்துக்கிட்டு மொய் வைக்க மாட்டியா"ன்னு ஓட்டுனாங்க, மறுநாள் அவன் 303 வச்சான். மார்க்னு சொல்லிருந்தா அந்த வேகம் வந்திருக்காது.

அந்த ஒரு ரூபா என்னவா இருக்கணும்ங்கிறதுலதான் கஷ்டமே இருக்கு, இதுக்கு ரெண்டு வகுப்பு செலவழிச்சாலும் தப்பில்ல. நம்ம ஆளுங்க தகவல அள்ளிக் கொட்டுவாங்க. குறிஞ்சி பத்திக் கேட்டா "இட் புளூம்ஸ் ஒன்ஸ் இன் ட்வெல்வ் இயர்ஸ், லாஸ்ட் 2018, நெக்ஸ்ட் 2030", சரிதான், ஆனா கேட்டவரு அதுக்கு மேல என்ன பேசுவாரு, "ஓ"ன்னுட்டு வாய மூடிக்குவாரு. அதே 2018ஐ, "லாஸ்ட் டைம் இட் புளூம்ட் மை டாட்டர் வாஸ் இன் தர்ட் ஸ்டாண்டர்ட், ஷி குட்ன்ட் வாக் அப் தி ஹில், ஐ கேரீட் ஹெர்"னு சொல்லிப் பாருங்க. கேக்குறவருக்குப் பிடிமானம் கெடச்சிருச்சு, பொண்ணு இப்ப என்ன படிக்கிறான்னு கேக்கலாம், தன் பிள்ளையத் தூக்கிட்டு ஏறுனதச் சொல்லலாம். அந்த டிரைவர் அண்ணன்கிட்ட, "மனப்பாடமா வச்சிருக்க ஒவ்வொரு நம்பருக்கும் உங்க வீட்டுக் கதை ஒண்ண ஒட்டிட்டு வாங்க"ன்னு வீட்டுப்பாடம் குடுத்தேன். ஒரு வாரம் கழிச்சு ஏழு கதையோட வந்தாரு, அதுல ஒண்ணு பூம்பாறைல அவரு மாமனாரு பூண்டு மூட்டைக்குக் காவலா தூங்கப் போயி விடிய விடியக் கொறட்டை விட்ட கதை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கெடச்சதுன்னு வெறுமன சொல்றதுக்கு, இந்தக் கதையோட சேத்துச் சொன்னா சவாரி பூண்டு வாங்க வண்டிய நிறுத்தச் சொல்லும்.

திருப்பிக் கேக்குற கேள்விக்கு வருவோம், இங்க கொஞ்சம் பாத்துப் பண்ணணும். நம்ம ஊர்ல அக்கறையாக் கேக்குறதெல்லாம் அங்க வேற மாதிரி விழும். அந்தச் சமையல்கார அக்கா ஒரு வெளிநாட்டுத் தம்பதிகிட்ட "மேரீட்? ஹவ் மெனி சில்ட்ரன்? நோ? வொய் நோ?"ன்னு கேட்டுட்டு, சாயங்காலம் வகுப்புல வந்து "ரெண்டு பேரும் தோசைய பாதில வச்சிட்டு எந்திரிச்சுட்டாங்க மிஸ், சட்னில உப்பு கூடிருச்சா தெரியல"ன்னாங்க. திட்டாதீங்க. அந்தக் கேள்வி நம்மகிட்ட பாசம்னு மொதல்ல ஒத்துக்குங்க, அப்புறம் சம்பளம், வயசு, கல்யாணம், பிள்ள, சாமி, எடை, இந்த ஆறும் முன்பின் தெரியாதவங்ககிட்ட பூட்டுன கதவுன்னு சொல்லுங்க, அவங்களாத் தொறந்தா மட்டும் உள்ள போகலாம். "மை சன் லவ்ஸ் ஹார்சஸ்"னு அவங்களே சொல்லிட்டா மகனோட வயசு கேக்குறதுல ஒண்ணும் இல்ல.

பூட்டச் சொன்னா மட்டும் பத்தாது, மாத்துக் கேள்வி குடுக்கணும். ஏறி வந்த வழி, இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா, என்ன சாப்ட்டீங்க, எதப் பாத்தீங்க எது பிடிச்சுது, குளிர் தாங்குதா. 2024 மே மாசத்துல இருந்து மலைக்கு வர்றவங்க ஈ-பாஸ் எடுக்கணும்ல, "வாஸ் தி ஈ-பாஸ் ஈஸி?"ன்னு கேட்டுப் பாருங்க, சொந்தக் காரு ஓட்டி வந்தவங்ககிட்ட பத்து நிமிஷம் ஓடும். இன்னொண்ணு, நம்ம பசங்க இங்கிலீஷ் பேசுறது வெள்ளக்காரங்ககிட்ட மட்டும்னு நெனச்சுக்கிட்டு பாடம் எடுக்காதீங்க, நெறையப் பேரு பெங்களூரு, கேரளா, மும்பைல இருந்து வர்றவங்க. அவங்ககிட்ட "வாட் இஸ் யுவர் நேட்டிவ் பிளேஸ்?" தாராளமாக் கேக்கலாம், சந்தோஷப்படுவாங்க. லண்டன்காரர்கிட்ட கேட்டா முழிப்பாரு, அவருக்கு "வேர் ஆர் யூ ஃப்ரம்?"தான்.

வானில பத்திப் பேசுறது மத்த ஊருக்கு எப்படியோ, நமக்கு இதுதான் சொத்து, மணிக்கொரு தடவ மாறுற வானிலைய வச்சிக்கிட்டு பேச்சுக்குப் பஞ்சம்னா யாரு நம்புவா. ஆனா ரெண்டு எடத்துல எல்லாரும் வழுக்குவாங்க. மொதல்ல பனி. தமிழ்ல பனின்னா மூடுபனியும் பனிதான், புல்லு மேல தண்ணியா நிக்கிறதும் பனிதான், மார்கழி தைல புல்லு வெள்ளையா உறையிறதும் பனிதான், இமயமலைல கொட்டுறதும் பனிதான். அதனால மேகம் எறங்குனாலே "சார், ஸ்னோ கமிங்"னு சொல்லிருவாங்க, வந்தவங்க கேமராவத் தூக்கிட்டு ஓடுவாங்க. மிஸ்ட், டியூ, ஃப்ராஸ்ட், ஸ்னோ, நாலையும் போர்டுல படம் போட்டு பிரிச்சிருங்க, கடைசிது கொடைக்கானல்ல பெய்யாதுன்னும் சேத்துச் சொல்லுங்க.

ரெண்டாவது, ஒத்துப் போறது. "லவ்லி டே, இஸ்ன்ட் இட்?"ன்னு ஒருத்தரு சொன்னதுக்கு எங்க சைக்கிள் கடைத் தம்பி, "நோ சார், ஆஃப்டர் டூ ஓ கிளாக் மிஸ்ட் வில் கம், நத்திங் வில் சீ"ன்னான். சொன்னது உண்மைதான், ரெண்டு மணிக்கு மேகம் எறங்கத்தான் செஞ்சுது, ஆனா பேச்சு செத்துப் போச்சு. வானில பத்திப் பேசுறப்ப மொதல்ல ஆமாம் போடணும், "யெஸ், ரியலி நைஸ் திஸ் மார்னிங்", அதுக்கப்புறம் ஒரு ரூபாயா "மிஸ்ட் மைட் கம் லேட்டர், கோ டு பில்லர் ராக்ஸ் ஃபர்ஸ்ட்". இந்த இஸ்ன்ட் இட்ட வெளக்குறதுக்கு கிராமர் புக்கு வேணாம், தமிழ்லயே "குளிருதுல்ல?"ன்னு கேக்குறோம்ல, அந்த "ல்ல"தான் அது. குரலும் அதே மாதிரி கடைசில எறங்கணும், ஏத்துனா நெசக் கேள்வி ஆயிரும். இஸ், டஸ், டிட்னு மாத்தி மாத்திப் போடுறத அப்புறம் மெதுவாப் பாத்துக்கலாம், எல்லாத்துக்கும் இஸ்ன்ட் இட் போட்டாலும் புரிஞ்சுக்குவாங்க, அதுக்காக வாய அடைச்சுறாதீங்க.

கேக்குறவங்க போடுற சத்தத்தையும் சொல்லிக்குடுக்கணும். தமிழ்ல "ம்", "அப்டியா", "அட", "அய்யய்யோ"ன்னு போட்டுக்கிட்டேதான் கேப்போம், இங்கிலீஷ்னு வந்துட்டா ஒரு "ஓகே"தான் எல்லாத்துக்கும். "ஐ லாஸ்ட் மை பர்ஸ்"னு ஒருத்தரு சொல்ல "ஓகே சார்"னா எப்படி இருக்கும். நல்ல சேதிக்கு "ஓ நைஸ்", கெட்ட சேதிக்கு "ஓ நோ", ஆச்சரியத்துக்கு "ரியலி?", மூணு போதும் ஆரம்பத்துக்கு. நான் தமிழ்ல சேதி ஒவ்வொண்ணாச் சொல்வேன், அவங்க சத்தம் மட்டும் போடணும், அஞ்சு நிமிஷ வெளையாட்டு. ஒண்ணும் தோணலன்னா அவங்க சொன்னதோட கடைசி வார்த்தைய திருப்பிக் கேட்டாலே போதும், "வி வாக்ட் ஃப்ரம் வட்டக்கானல்", "ஃப்ரம் வட்டக்கானல்?", அவ்வளவுதான், மீதிய அவங்களே சொல்வாங்க. தலையாட்டுறதையும் ஒரு வார்த்த சொல்லிருங்க, நம்ம ஆமாங்கிற ஆட்டு பாதிப் பேருக்கு இல்லன்னு தெரியும், வாயாலயும் யெஸ் சொல்லச் சொல்லுங்க.

பழக்கம் பண்றதுக்கு பெஞ்சுல உக்கார வைக்காதீங்க, நிக்க வைங்க, சும்மா பேச்சு நின்னுக்கிட்டுப் பேசுறதுதான். ரெண்டு வரிசையா எதிரும் புதிரும் நிக்கணும். பால் நேஷன்னு மொழி கத்துக்குடுக்குறதுல பெரிய ஆளு, அவரு எழுத்து மூலமாப் பரவுன ஒரு முறை இருக்கு, ஒரே விஷயத்த 4 நிமிஷம் ஒருத்தர்கிட்ட, அதையே 3 நிமிஷம் இன்னொருத்தர்கிட்ட, அதையே 2 நிமிஷம் மூணாவது ஆளுகிட்ட சொல்றது. ஆளு மாறுறதால சலிக்காது, நேரம் கொறையிறதால தயங்க முடியாது, மூணாவது தடவ வார்த்த தானா வந்து விழும். எங்க ஆளுங்களுக்கு 4 நிமிஷம் ரொம்ப ஜாஸ்தி, நான் 2, ஒண்ணரை, 1னு வச்சிருக்கேன். நடுவுல திருத்தாதீங்க, தப்ப ஒரு துண்டுச் சீட்டுல குறிச்சு வச்சுக்கிட்டு கடைசில பேர் சொல்லாம போர்டுல எழுதுங்க. "ஐ ஆம் ஃப்ரம் கொடை ஒன்லி"ய எல்லாம் நான் குறிக்கிறதே இல்ல, அது நம்ம ஊர் இங்கிலீஷ், இருந்துட்டுப் போகுது. மனப்பாட டயலாக் மட்டும் குடுத்துறாதீங்க, எதுத்தாளு டயலாக்க மாத்திட்டா கதை கந்தல்.

எப்பப் பேசக் கூடாதுங்கிறதும் பாடந்தான். காதுல இயர்ஃபோன் மாட்டிருக்கவங்க, போனையே பாத்துக்கிட்டு ரெண்டு தடவ ஒத்த வார்த்தைல பதில் சொன்னவங்க, விட்டுருங்க. வத்தலக்குண்டுல இருந்து மலை ஏறுறப்ப பின் சீட்ல மூஞ்சி வெளுத்து உக்காந்திருக்கவங்ககிட்ட "ஹவ் இஸ் அவர் ஹில்ஸ்?"னு கேக்காதீங்க, "ஷல் ஐ ஸ்டாப்?" மட்டும் போதும், பிளாஸ்டிக் கவரா இல்லாத ஒரு பையும் கைவசம் இருக்கட்டும்.

டிரைவர் அண்ணன் போன வாரம் வகுப்புக்கு லேட்டா வந்தாரு. என்னண்ணேன்னா, "டீச்சர், சவாரிகிட்ட ஹவ் வாஸ் யுவர் டிரைவ் அப்னு கேட்டேன், அவரு ஆரம்பிச்சாரு பாருங்க, அவங்க அப்பா ரயில்வேல இருந்தது, சின்ன வயசுல இங்க வந்தது, நானும் பூண்டுக் கதையச் சொல்ல, பில்லர் ராக்ஸத் தாண்டி ரொம்ப தூரம் போய்ட்டோம், திரும்பி வர்றதுக்குள்ள மேகம் மூடிருச்சு, எப்படி டீச்சர் பேச்ச நிறுத்துறது?" அந்த வாரமே முடிக்கிற பாடத்த வச்சோம், உண்மையச் சொன்னா நான் அத முன்னாடியே வச்சிருக்கணும்.

தமிழ்ல முடிக்கிறது சுளுவு, "சரி அப்ப", அதுலயே எல்லாம் வந்துரும். இங்கிலீஷ்ல அந்த "சரி அப்ப"வுக்கு "ரைட்", "எனிவே", "வெல்". அதச் சொல்லிட்டு ஒரு காரணம், அப்புறம் ஒரு வாழ்த்து. "எனிவே, வி ஆர் ஹியர். டேக் யுவர் டைம், என்ஜாய் தி வியூ." கடைல நிக்கிறவங்களுக்கு "வெல், ஐ வில் லெட் யூ லுக் அரவுண்ட்". நம்ம வெலகிப் போறத அவங்களுக்கு வழி விடுற மாதிரி சொல்றாங்க பாருங்க, அந்த நாசூக்கு நம்ம ஆளுங்களுக்கு உடனே பிடிச்சிருச்சு.

ஒண்ணே ஒண்ணுதான் மாத்தவே முடியல. போறேன்னு சொன்னா அபசகுனம்னு நம்ம "வர்றேன்"னுதான சொல்வோம், அந்த அக்கா ஹோம்ஸ்டேல ராத்திரி வேல முடிஞ்சு கெளம்புறப்ப கெஸ்ட்கிட்ட "ஓகே மேடம், ஐ ஆம் கமிங்"னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க, அந்த மேடம் ஒம்பதரை வரைக்கும் கதவத் தொறந்து வச்சுக் குளிர்ல காத்திருந்தாங்களாம். "குட் நைட், சீ யூ டுமாரோ"ன்னு பத்து தடவ சொல்ல வச்சேன். கெஸ்ட்கிட்ட இப்பச் சரியாத்தான் சொல்றாங்க. வகுப்பு முடிஞ்சு படி எறங்குறப்ப மட்டும் எல்லாரும் வரிசையா "ஐ ஆம் கமிங் மிஸ்"ங்கிறாங்க, நானும் "கம், கம், பாத்து கம்"னுதான் அனுப்பி வைக்கிறேன்.